கருப்பி மேல் விழுந்த பழி

கோழி தான் இட்ட முட்டையைத் தானே தின்னும் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேறு ஆளுக்குக் காது குத்து என்று அனுப்பியிருப்பாள் பாப்பா. இப்போது அவளே கூண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வைக்கோலில் ஒட்டிக் காய்ந்துபோன மஞ்சள் கருவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஓட்டின் துணுக்குகூட மிச்சமில்லை. வெள்ளைக் கோழிகள் ஒன்றும் அறியாதவை போல மண்ணைக் கிளறின. மொட்டைவால் வேலியோரம் நின்று இறகு கோதியது. கருப்பி மட்டும் நேருக்கு நேர் அவளைப் பார்த்தது. அதன் அலகோரத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"நீதானா அது," என்றாள் பாப்பா.

கருப்பி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டது. திருடிக்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா? அந்தப் பேச்சே அதனிடம் இல்லை.

பாப்பாவுக்கு ஐம்பதாகப்போகிறது. முட்டி இரண்டும் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடுவதில்லை. ஆனாலும் பாப்பாதான். அண்ணன் கூப்பிடக் கூப்பிடத் தெருவுக்கு அந்தப் பேர் பழகி, பிறகு அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்வரை போய்விட்டது. அங்கே சூடான உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்புகளை நுழைத்து, மறுபக்கம் மடித்து அடுக்குவது அவள் வேலை. விரிப்பு வந்துகொண்டே இருக்கும். உலகத்தில் உள்ள அத்தனை பேரும் படுத்துவிட்டார்களோ என்று தோன்றும். விடிவதற்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பினால், கால் இரண்டும் தன்னுடையவை இல்லை என்கிற நிலைமையில் சாயங்காலம் திரும்புவாள்.

வீட்டில் அண்ணன். ஆயுள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டியவர் என்பதால் ஊருக்கு அவர் டிரைவர். அண்ணியும் போய், பாப்பாவின் வீட்டுக்காரரும் போய், பிள்ளைகள் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போன பிறகு, ரெண்டு அடுப்பு எதற்கு என்று அவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். வந்த கையோடு கோழிகளையும் அவர்தான் வாங்கிவந்தார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது. பேருந்தின் கடைசி இருக்கையில் தூங்குகிறவனையும் எழுப்பக்கூடிய குரல். தொண்டையில் கட்டி வந்த பிறகு அது தேய்ந்து, இப்போது கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஆகிவிட்டது.

கட்டியைக் கரண்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்து, சுருக்கியாகிவிட்டது. மிச்சத்தை அறுத்து எடுக்க வேண்டும். ஆனால் டாக்டர் தேதி கொடுக்கவில்லை. "இந்த உடம்புல கத்தி வெச்சா தாங்காதும்மா. முதல்ல எடை ஏறட்டும். முட்டை குடுங்க, பால் குடுங்க, தெம்பு வரட்டும்," என்றார். ஏறலைன்னா என்று பாப்பா கேட்டாள். டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார். பாப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து முட்டைதான் அவள் மூச்சு. கடை முட்டையை வாங்கி வேகவைத்துக் கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனதுமே டிரைவர் ஓங்கரித்தார். "நாத்தம் குடலப் புடுங்குது பாப்பா. நம்ம கோழி முட்டைன்னா சாப்பிடுவேன்," என்றார். சரி, கரண்ட் வைத்த நாக்கு, அதற்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று யார் கண்டது என்று அவளும் விட்டுவிட்டாள். அதிகாலையில் முட்டையை அரைவேக்காடாக வேகவைத்து, வெண்ணெயும் உப்பும் போட்டு மசித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி அவர் கட்டிலருகே வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். வாழ்நாளில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத மனுஷன். தங்கைக்கு ஒரு வேலையாவது குறையட்டும் என்று நினைக்கிறாரே என்று பாப்பாவுக்கு நெஞ்சு இளகிவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தானா இந்தச் சனியன்கள் முட்டை தின்னப் பழக வேண்டும்?

தீவனக்கடைக்காரரிடம் போய் நின்றாள். அவர் கோழி விஷயத்தில் தன்னை ஒரு பெரிய வக்கீலாக நினைத்துக்கொள்பவர். எல்லாவற்றையும் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் மூட்டையில் கை வைப்பார்.

"முட்டை ஓட்டை அப்படியே கோழிக்குப் போடுறீங்களாக்கா?"

"இல்லீங்க. வறுத்து, மாவா பொடிச்சுத்தான் போடுறேன்."

"கூண்டுல முட்டை கீழ விழுந்து உடையுதா?"

"வைக்கோல் தாராளமா போட்டிருக்கேன்."

"அப்ப யாராச்சும் காட்டிக் குடுத்திருக்கணும். கோழிக்குத் தானா முட்டை ருசி தெரியாதுக்கா. ஓட்டுக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு தடவ ருசி கண்டுடுச்சுன்னா அப்புறம் விடாது. ஒண்ணு பழகினா கூட்டமே பழகிடும்."

யார் காட்டிக் கொடுத்திருக்கப் போகிறார்கள்? அந்த வீட்டில் இருப்பதே ரெண்டு பேர். ஒருத்திக்கு நிற்க நேரமில்லை. இன்னொருத்தருக்கு நிற்கத் தெம்பில்லை. கடைக்காரர் கதை அளக்கிறார் என்று முடிவு கட்டி, அவர் கொடுத்த கிளிஞ்சல் தூளை வாங்கிக்கொண்டு வந்தாள். ஓடு கெட்டிப்பட்டால் கொத்த முடியாதாம். கோழிகள் கிளிஞ்சலையும் தின்றன, கெட்டிப்பட்ட முட்டையையும் தின்றன.

அடுத்தது கடுகு. ஒரு முட்டையில் ஊசியால் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, கடுகையும் மிளகாய்த் தூளையும் குழைத்து நிரப்பி, மாவால் துளையை அடைத்துக் கூண்டில் வைத்தாள். வேலை முடிந்து வந்து நின்றுகொண்டே செய்த வேலை. கையெல்லாம் எரிந்தது, கண்ணைக் கசக்கித் தொலைத்ததில் கண்ணும் எரிந்தது. அன்றைக்கு வார விடுமுறைக்கு முந்தின நாள். மறுநாள் வெளிச்சத்தில், வேலியோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். கருப்பி வந்தது. ஒரு கொத்து கொத்தியது. நிமிர்ந்து யோசித்தது. பிறகு சப்புக்கொட்டாத குறையாக முழுசையும் காலி செய்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று வைக்கோலைக் கிளறியது. கோழிக்குக் காரம் உறைக்காதாம். கடைக்காரர் இதைப் பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

டிரைவர் கட்டிலில் சாய்ந்தபடி பின்ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சிரி. உனக்காகத்தான் இந்தக் கூத்து," என்றாள் பாப்பா.

"விடேன் பாப்பா. அதுங்க வயித்துக்கு அதுங்க சாப்பிடுது."

"விடறதா? கருப்பியைக் கறிக்கடைக்குக் குடுத்துடப் போறேன். அதுதான் எல்லாத்துக்கும் தலைவி."

அவர் முகம் சட்டென்று மாறியது. எழுந்து உட்கார்ந்தார். "வேணாம். அது என்ன தப்பு பண்ணிச்சு? அத ஒண்ணும் பண்ணாத," என்றார். இவ்வளவு பேசியதில் அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு கோழிக்காக இப்படி உயிரை விடுகிறாரே என்று பாப்பாவுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வாங்கிவந்தவர் அவர். சரி என்று கருப்பியைத் தனியாகக் கூடையில் கவிழ்த்துப் பார்த்தாள். தலைவி உள்ளே இருந்தும் முட்டை காணாமல் போனது. கூட்டமே பழகிவிட்டது. கூடையைத் தூக்கிக் கருப்பியை வெளியே விட்டபோது, பாவம், இத்தனை பழியையும் தனியாகச் சுமந்ததே என்று அதன்மேல் லேசாக ஒரு பிரியம்கூட வந்தது.

முட்டை இட்டதும் எடுத்துவிட்டால் போதும்தான். ஆனால் கோழி அவள் வேலைக்குப் போன பிறகுதான் இடும். நான் எடுத்து வைக்கிறேன் என்று டிரைவர் ஏற்றுக்கொண்டார். சாயங்காலம் கேட்டால், அசந்து தூங்கிட்டேன் பாப்பா என்பார். கோழி கொக்கரிச்சது கேட்கலையா என்றால், கேட்கலையே என்பார். காது நல்ல காது. தெருமுனையில் திரும்பும் பேருந்தின் கியர் சத்தத்தை வைத்தே யார் ஓட்டுகிறான் என்று சொல்லிவிடும் காது. சீக்காளியிடம் என்ன சண்டை போடுவது என்று பாப்பா வாயை மூடிக்கொண்டாள்.

மரத்தால் முட்டை செய்து வைத்தால் கொத்திக் கொத்தி அலுத்துவிடும் என்றார்கள். வைத்தாள். மொட்டைவால் அதை உருட்டி விளையாடியது. இருட்டில் கொத்தாது என்றார்கள். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட விரிப்பைக் கிழித்துக் கூண்டின் வாயில் திரை தொங்கவிட்டாள். கோழிகள் திரையை விலக்கிக்கொண்டு, மரியாதை தெரிந்தவர்கள் போல உள்ளே போய்த் தின்றன. கஷ்டப்பட்டு ஒன்றிரண்டு தப்பிக் கிடைத்தால், அது கட்டிலருகே கிண்ணத்துக்குப் போனது. கிண்ணம் கழுவிக் கவிழ்க்கப்பட்டது. டிரைவரின் கழுத்தெலும்பு மட்டும் நாளுக்கு நாள் துருத்திக்கொண்டே வந்தது.

பாப்பா அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். முட்டை சரியாகக் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். நடுவில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது, இறங்கவில்லை, துளி ஏறியும் இருந்தது. அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. கோழி முட்டையிட ஒரு பெட்டி வைத்து, அதன் தரையைச் சரிவாக்கினால் முட்டை விழுந்த உடனே உருண்டு பின்பக்கம் போய்விடும். கோழி திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே ஒன்றும் இருக்காது. பழைய அலமாரியின் இழுப்பறை ஒன்றை எடுத்தாள். பின்பலகையின் அடியில் முட்டை நுழையும் அளவுக்கு அறுத்தாள். முன்பக்கத்தைச் செங்கல்மேல் தூக்கி வைத்தாள். அடியில் ரப்பர் விரிப்பு, பின்னால் பழந்துணி திணித்த தட்டு. விடுமுறை நாள் முழுக்க அதற்கே போனது. ரம்பம் பிடித்துக் கை காய்த்துவிட்டது. சரிவு அதிகமானால் முட்டை மோதி உடைகிறது, குறைந்தால் நடுவழியில் நின்றுவிடுகிறது. மர முட்டையை வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துச் செங்கல்லை மாற்றினாள்.

டிரைவர் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

"இது வேலை செய்யும்போல இருக்கே," என்றார் மெதுவாக.

"செய்யணும். செய்யாம எங்க போயிடும்," என்றாள்.

வேலை செய்தது. மறுநாள் சாயங்காலம் தட்டில் முட்டைகள் வரிசையாக, முழுசாகக் கிடந்தன. பாப்பா அவற்றை முந்தானையில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். உலகத்தில் நினைத்த ஒரு காரியம் நடந்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தாள். உள்ளே கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினாள். அவர் ஒரு முட்டையை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். "கெட்டிக்காரிதான்," என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் சலவைக்கூடத்தில் கொதிகலன் நின்றுபோனது. சரிபார்க்க ஆள் வருகிறவரை உருளை ஓடாது என்று எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாப்பா நடுக்காலையில் வந்து சேர்ந்தாள். பகல் வெளிச்சத்தில் தன் தெருவைப் பார்ப்பதே விருந்தாளி வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. வாசல் பக்கம் போகாமல், முட்டையை எடுத்துக்கொண்டே உள்ளே போகலாம் என்று பின்சந்து வழியாக நுழைந்தாள்.

கோழிகள் ஆளுக்கொரு மூலையில் மேய்ந்துகொண்டிருந்தன. பாப்பா பெட்டிக்குப் பின்னால் குனிந்து தட்டில் கைவிட்டாள். முட்டை இன்னும் சூடாக இருந்தது.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. கரண்டியால் கிண்ணத்தைத் தட்டும் சத்தம். டிங், டிங்.

அத்தனை கோழிகளும் தலையைத் தூக்கின. அடுத்த நொடி இறக்கையை அகட்டிக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பின்ஜன்னலை நோக்கி ஓடின. கருப்பிதான் முதலில் போய்ச் சேர்ந்தது. ஜன்னலுக்குக் கீழே அது நின்ற இடத்தில் மண் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. ஜன்னல் கம்பிக்கு இடையில் ஒரு மெலிந்த கை வந்தது. கரண்டி சாய்ந்தது. வெண்ணெய் போட்டு மசித்த முட்டை சொத்தென்று மண்ணில் விழுந்தது. அடுத்த கரண்டி. அதற்கடுத்தது. கோழிகள் அடித்துப் பிடித்துத் தின்றன. கிண்ணத்தின் அடியை வழிக்கும் சத்தம்கூட அவளுக்குக் கேட்டது.

பாப்பாவின் கையில் இருந்த முட்டை நழுவி விழுந்து உடைந்தது. அதைக் கோழி எதுவும் சட்டை செய்யவில்லை. அவற்றுக்கு அதைவிட நல்லது அங்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

ஆத்திரம்தான் முதலில் வந்தது. ரம்பம் பிடித்த கை, எரிந்த கண், விடியலுக்கு முன் அடுப்படியில் நின்ற கால், எல்லாம் சேர்ந்து மண்டைக்கு ஏறின. இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று விறுவிறுவென்று உள்ளே போனாள். டிரைவர் முற்றத்துக் குழாயடியில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து கழுவ முடியாமல் சுவரில் ஒரு கையை ஊன்றியிருந்தார். சட்டை இல்லாத முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வந்த ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாப்பா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சீக்கிரம் வந்துட்ட," என்றார்.

"எப்பலேருந்துண்ணே?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். குட்டு வெளிப்பட்ட பிறகு எதற்குத் துடைத்துக்கொண்டே நிற்பது என்று தோன்றியிருக்க வேண்டும், மெல்ல வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரண்ட் முடிஞ்ச மாசத்துலேருந்து," என்றார். "முதல்ல தண்ணி மாதிரி இருந்தா இறங்கும். இப்ப அதுவும் பாதிதான். முட்டை அங்கேயே நின்னுக்குது. மூச்சு முட்டுது. ஒரு நாள் செத்தே போயிட்டேன்னு நெனச்சேன். அன்னைக்குத்தான் முதல் தடவ ஜன்னல்ல போட்டேன். கருப்பி ஓடி வந்து தின்னுச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? நீ வர்றப்பவே கால் வீங்கிப் போய் வர்ற. வந்து உக்காராம அடுப்புல நிக்கிற."

"அதுக்கு?" என்றாள் பாப்பா. "கோழியோட மல்லுக்கட்டினேனேண்ணே. கடுகு அரைச்சேன். பொட்டி அறுத்தேன். சொல்லியிருந்தா அந்த வேலையாச்சும் மிச்சமாயிருக்குமே."

"அதுங்க முட்டையைத் தின்ன ஆரம்பிச்சதும் எனக்கு நிம்மதியாப் போச்சு பாப்பா. முட்டை இல்லைன்னா நான் சாப்பிட வேணாம் பாரு. ஆனா நீ அந்தப் பாடு பட்டப்ப..." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "கோழிய ஜெயிச்சுட்டா என்னையும் பொழைக்க வெச்சுடலாம்னு நெனச்சிட்டிருந்த. உன் மூஞ்சிலயே தெரிஞ்சுது. அத எப்படிக் கெடுப்பேன்?"

பாப்பா அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்திருக்கலாம். விடுமுறை நாளில்கூட அவள் முட்டையை வைத்துவிட்டுக் கூண்டுக்குத்தான் ஓடினாள். கோழி முட்டை தின்பதை முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தவளுக்கு, அண்ணன் சாப்பிடுவதைப் பார்க்கப் பயமாக இருந்திருக்கிறது. அதை அவள் தன்னிடமே ஒத்துக்கொண்டாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

"போன தடவ எடை ஏறியிருந்துச்சே?" என்றாள் திடீரென்று.

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எடை மெஷினில் ஏறுவதற்கு முன் டிரைவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு வேட்டிக்குள் போட்டிருந்த கால்சட்டைப் பையில் கைவிட்டு, பேருந்துக் காலத்துப் பெரிய ஸ்பேனரை எடுத்து நர்ஸின் மேசைமேல் வைத்தார்.

"என்ன ஐயா இது?" என்றாள் நர்ஸ்.

"போன தடவ ஏறின எடை," என்றார்.

நர்ஸ் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு வழக்கம்போலப் பாப்பா பக்கம் திரும்பி, "நல்லா சாப்பிடறாராம்மா?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அதற்கு, சாப்பிடறாருங்க, முட்டையெல்லாம் குடுக்கிறேன் என்று பதில் சொன்னவள் பாப்பாதான். அன்றைக்கு அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"எதுவும் இறங்கலம்மா," என்றார் டிரைவர். "இறங்குதுன்னு பொய் சொன்னேன்."

டாக்டர் வந்து தொண்டையில் விளக்கடித்துப் பார்த்தார். மூக்கு வழியாகக் குழாய் செருகி ஆகாரம் கொடுக்க வேண்டும் என்றார். நாளைக்கே வந்து படுத்துவிடச் சொன்னார். "இதப் போன மாசமே சொல்லியிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், எதிரில் இருந்த ரெண்டு முகங்களையும் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"ஆபரேஷன்?" என்றாள் பாப்பா.

"உடம்பு தேறுதான்னு பாக்கணும். தேறினா செய்வேன். தேறிடும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா."

துணிமணி எடுத்துவர இருவரும் வீட்டுக்குப் பேருந்து ஏறினார்கள். உட்கார இடம் கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இருவருக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பாப்பாவுக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. தலையை அவர் தோளில் சாய்த்தாள். தோள் எலும்பு குத்தியது. ஆனாலும் எடுக்கவில்லை.

"எடம் வந்தா எழுப்பு," என்றாள்.

"ம்."

தூங்கிவிட்டாள். வண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. ரொட்டிக்கடை வாசனை வந்தது. அடுத்தது அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம். அது அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வழித்தடத்தில் வண்டி ஓட்டிக் கை தேய்ந்தவர். ஆனால் தோள் அசையவில்லை. அவள் தூக்கம் கலையக் கூடாதென்று மூச்சைக்கூட அவர் பார்த்துப் பார்த்து விடுவது தெரிந்தது. தூங்கட்டும், கடைசி நிறுத்தம்வரை போய் வண்டி திரும்பி வரும்போது இறங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். பாப்பாவுக்கு அந்த மனசு அத்துப்படி. கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். எழுப்பேன், எழுப்பிடேன் அண்ணே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். வண்டி வேகம் குறைந்தது. முன்னால் ஆட்கள் எழுந்தார்கள். அவர் அசையவில்லை.

பிறகு அவள் தலைமேல் ஒரு கை வந்து பட்டது.

"பாப்பா," என்றது அந்தத் தேய்ந்த குரல். "எழுந்திரும்மா. எடம் வந்துடுச்சு."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வண்டி நின்று, ஆட்கள் இறங்கி முடிகிறவரை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டாள்.